அடிச்சது அழியாம இருந்தா போதும்

எங்கள் அலுவலகத்தில் தேவை அக்காவுக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கைப்பை உட்கார்ந்திருக்கும், குடை உட்கார்ந்திருக்கும், அக்கா மட்டும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு சுற்றுவாள். அவள் வேலை அப்படி. நாங்கள் பல்கலைக்கழகங்களுக்கு டிஜிட்டல் களஞ்சியம் செய்து கொடுக்கிறவர்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் கணினியில் ஏற்றி வைத்து, வேண்டும்போது தேடி எடுக்கிற மென்பொருள் அது. அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு என்ன தேவை என்று போய்க் கேட்டு வருவது அக்கா, அதனால்தான் அந்தப் பெயர். கேட்டு வந்ததை வைத்து நிரல் எழுதுவது நான். அவள் கேட்டு வருவதில் பாதி, என் உயிரை வாங்குவதற்கென்றே தேடிப் பிடித்தது மாதிரி இருக்கும்.

அந்த வருடம் புதிய பதிப்புக்காக ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கருத்துக் கேட்கும் படிவம் அனுப்பியிருந்தோம். ஒரு துறையில் பேராசிரியர்கள் அத்தனை பேரும் பதில் போட்டிருந்தார்கள். கட்டுரை ஏற்றும் பக்கம் எப்படி? மிக நன்று. ஏதாவது சிரமம்? இல்லை. எங்கள் மேலாளருக்கு வாயெல்லாம் பல். அந்தப் பக்கத்தைத் தொடவே வேண்டாம், முகப்பைப் பளபளவென்று மாற்றினால் போதும் என்று முடிவு கட்டிவிட்டார்.

அக்காவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. என் மேஜைக்கு முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள்.

"எப்படி தம்பி அத்தனை பேருக்கும் பிடிக்கும்? எங்க வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஃபேன் வேகம்கூட ஒத்து வரமாட்டேங்குது."

"பிடிச்சிருக்குன்னா சந்தோஷப்படுங்கக்கா. முதல்ல உட்காருங்க, எனக்குத் தலை சுத்துது."

உட்காரவில்லை. பஸ் பிடித்து அந்தப் பல்கலைக்கழகத்துக்கே போய்விட்டாள்.

அக்காவுக்கு ஒரு வழக்கம். எடுத்த எடுப்பில் என்ன வேண்டும் என்று கேட்கமாட்டாள். 'கடைசியா செஞ்சதை எனக்கு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க' என்பாள். துறைத் தலைவரிடம் அப்படிக் கேட்டதும் மனிதர் கடவுச்சொல் தெரியாமல் திருதிருவென்று முழித்தார். "அதெல்லாம் கீழ் ரூம் பொண்ணு பார்த்துக்கும்" என்று கையைக் காட்டிவிட்டார்.

கீழ் ரூம் என்றால் மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் இடம். பழுதான பிரிண்டர்களுக்கு நடுவே ஒரு மேஜை, ஒரு கணினி, ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். பேராசிரியர்களின் கடவுச்சொற்கள் எல்லாம் அவளிடம்தான். கட்டுரைகளை ஏற்றுவதும் அவள்தான். கூத்தைக் கேளுங்கள், எங்கள் படிவத்தையும் அத்தனை பேருக்காகவும் அவளேதான் நிரப்பியிருக்கிறாள்! 'நீயே போட்டுடும்மா' என்று எல்லோரும் தள்ளிவிட்டார்களாம்.

அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள். அந்தப் பெண் பாதி அடித்துக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து யாராவது கூப்பிடுவார்கள். ஓடிப் போய்விட்டு வருவதற்குள் பக்கம் தானாக மூடிக்கொண்டு அடித்ததெல்லாம் போயிருக்கும். மறுபடி முதலிலிருந்து.

"இதை ஏம்மா எழுதல? மிக நன்றுன்னு போட்டிருக்கியே!"

"சிரமம்னு போட்டா எனக்கு வேலை தெரியலன்னு நினைச்சுப்பாங்கக்கா. ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் வேற. வீட்டுக்காரர் இடுப்பு ஒடிஞ்சு படுத்திருக்கார். என் சம்பளத்துலதான் வீடு ஓடுது."

"சரி, இப்ப சொல்லு. உனக்கு என்ன வேணும்?"

"இந்த வேலை வேணும்க்கா" என்று சிரித்தாளாம். அக்காவும் சிரித்துவிட்டாள்.

"அது இருக்கட்டும்மா. இந்தப் பக்கத்துல என்ன வேணும்?"

"அடிச்சது அழியாம இருந்தா போதும்."

அதை அக்கா எழுதிக்கொண்டாள்.

திரும்பி வந்த பிறகு நடை இரட்டிப்பானது. விஷயத்தை என்னிடம் மட்டும் சொன்னாள். பதிலெல்லாம் ஒரே ஆள் போட்டது என்று மேலாளரிடம் போட்டு உடைத்தால் விவகாரம் பல்கலைக்கழகம் வரைக்கும் போகும், அந்தப் பெண்ணின் சீட்டு கிழியும். சொல்லாவிட்டால் பக்கம் மாறாது, அவள் அழிந்ததையே அடித்துக்கொண்டு கிடப்பாள்.

"என்னக்கா செய்யப் போறீங்க?"

"மண்டை காயுது தம்பி. சும்மா இரு."

தேவைகளை இறுதி செய்யும் கூட்டம் அந்தத் துறையிலேயே நடந்தது. மேலாளர் முகப்பைக் காட்டிப் பெருமையடித்து முடித்ததும் அக்கா எழுந்தாள். "சார், நீங்களே ஒரு கட்டுரையை ஏத்திக் காட்டினா எங்களுக்கெல்லாம் உதவியா இருக்கும்" என்று துறைத் தலைவரைத் தேனொழுகக் கூப்பிட்டாள். கடவுச்சொல்லைக்கூடத் தயாராக வைத்திருந்தாள். அவர் பெரிய திரையில், ஒற்றை விரலால் தட்டித் தட்டி முக்கால் பக்கம் நிரப்பினார். அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்தது. அது தானாக வந்த போன் என்று அக்கா இன்றைக்கும் சாதிக்கிறாள். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். பக்கம் காலியாக இருந்தது.

"நான் அடிச்சதெல்லாம் எங்கய்யா? இதையா நல்லாயிருக்குன்னு சொன்னாங்க? எந்த மடையன் சொன்னான்?"

அவர் பெயரிலும் மிக நன்று இருந்தது. மேலாளர் அதைச் சொல்ல வாயெடுத்தார். நான் மேஜைக்கு அடியில் அவர் காலை நறுக்கென்று மிதித்தேன்.

"முகப்பெல்லாம் அப்புறம். முதல்ல இதைச் சரி பண்ணுங்க!"

பண்ணினேன். அடிக்க அடிக்கச் சேமிக்கும்படி எழுதினேன், எப்போது திரும்பி வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கோப்பைப் போட்டதுமே தலைப்பும் ஆசிரியர் பெயரும் தானாக வந்து விழும்படியும் செய்தேன். அதை யாரும் கேட்கவில்லை, என் திமிர். இதற்கிடையில் அந்தப் பெண்ணின் ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்குப் புதுப்பித்தார்கள். அக்கா அலுவலகத்துக்கே டீ வாங்கிக் கொடுத்தாள்.

புதிய பதிப்பு போனதும் துறைத் தலைவர் மேலாளரைக் கூப்பிட்டு, "நானே ஏத்திட்டேன்யா!" என்று பெருமைப்பட்டாராம். மற்றவர்களும் தாங்களே ஏற்ற ஆரம்பித்தார்கள். மேலாளர் எல்லோர் முன்னாலும் அக்காவைப் புகழ்ந்தார். அக்கா அதையும் நடந்துகொண்டேதான் கேட்டாள்.

அடுத்த வருடம் ஒருநாள், பக்கம் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க அக்கா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"ரொம்ப நல்லாயிருக்குக்கா. கடைசி நாள் வரைக்கும் எதுவுமே அழியல."

"கடைசி நாளா?"

"போன வாரத்தோட என்னை நிறுத்திட்டாங்க. அவங்கவங்களே ஏத்திக்கிறாங்களாம், தனியா ஆள் வேண்டாமாம். உங்க மேல தப்பில்லக்கா. நான் கேட்டதைத்தானே செஞ்சு கொடுத்தீங்க."

அக்கா போனை வைத்தாள். கைப்பையையும் குடையையும் தரையில் இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "விடுங்கக்கா, அவ கேட்டது அதானே" என்றேன்.

"இல்ல தம்பி. முதல்ல வேற ஒண்ணு கேட்டா. நான் அதை எழுதிக்கவேயில்ல."