கிடாருக்குத் தைத்த சட்டை

வலது கையில் ஒரு லேமினேஷன் அட்டை, இடது கையில் தின்னரில் நனைத்த பனியன் துணி. கிடாரின் மேல் துணியைப் போட்டு, செத்த நேரம் ஊறவிட்டு எடுக்கிறார் ரொனால்டு. பிறகு அட்டையின் ஓரத்தால் ஒரே திசையில் வழிக்கிறார். கருஞ்சிவப்பு லாக்கர் பூச்சு பலாப்பிசின் போல இழுபட்டு அட்டையில் சுருண்டு வருகிறது. அதைப் பழைய செய்தித்தாளில் துடைத்துவிட்டு அடுத்த வழிப்பு. நாலு வழிப்புக்கு ஒரு முறை அட்டையைத் தூக்கி வெயிலில் பார்க்கிறார். தின்னர் பட்டு அட்டையின் ஓரம் வாய் திறந்திருக்கிறது. அவர் முகம் கோணுகிறது. கிடார் கெட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்வார்; தன் கையால் போட்ட லேமினேஷன் பிரிவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"நம்ம கடை அட்டை வாயப் பொளந்து இந்த இருபத்தொம்பது வருசத்துல நான் பாத்ததில்ல பாய்."

எதிர்க்கடை சாகுல் ஹமீது மேசை, நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடுகிறவர். கட்டில் காலைத் தேய்ப்பதை நிறுத்தாமலே பதில் சொல்கிறார். "பொளந்தா அடுத்ததை எடு. நீ வாயைப் பொளக்காம வழி."

அடுத்ததை எடுப்பது லேசான காரியம் இல்லை. பணம் கட்டியவர்கள் வாங்க வராமல் விட்டுப்போன அட்டைகள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன. அந்தோணியார் இருக்கிறார், அவரை வைத்துச் சுரண்ட முடியாது. முருகன் இருக்கிறார்; அவரையும் முடியாது. கட்சி உறுப்பினர் அட்டை ஒன்று இருக்கிறது. அதைத் தொட்டால் யார் வந்து வாசலில் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது. கடைசியில் கைக்கு வந்தவை, வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக ரொனால்டே போட்டு வைத்திருந்த மாதிரி அட்டைகள். நாற்பது வயது ரொனால்டு, தடித்த மீசை, நெஞ்சுக்குக் குறுக்கே 'மாதிரி' என்ற எழுத்து. மத்தியானத்துக்குள் ஏழு ரொனால்டுகள் தேய்ந்து குப்பைக்குப் போனார்கள்.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற கடை. வெளியே ஜெராக்ஸ் என்றும் எழுதியிருக்கிறது, ஆனால் அந்த இயந்திரம் பேருக்குத்தான். ரொனால்டின் மனசு முழுவதும் லேமினேஷனில். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதற்கு ஓர் உறை இல்லையே என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும். வீட்டில் டிவி ரிமோட்டுக்கு இரண்டு உறை. வாஷிங் மெஷினுக்குப் பூப்போட்ட சட்டை. சோபாவின் மேல் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் இன்னும் அப்படியே இருக்கிறது. சித்திரை மாதத்தில் அதில் உட்கார்ந்து எழுந்தால் தொடையிலிருந்து பிளாஸ்திரி உரிகிற சத்தம் கேட்கும். மனைவி பாத்திமாவுக்குக் குடல்வால் அறுத்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டுகூட லேமினேஷனில் பத்திரமாக இருக்கிறது. ஒருமுறை பாத்திமா எழுதிக் கொடுத்த மளிகைச் சீட்டையும் போட்டுவிட்டார். மாசா மாசம் அதே சாமான்தானே என்பது அவருடைய நியாயம். அந்த மாதத்திலிருந்து அந்த வீட்டில் புளி தீர்ந்ததே இல்லை.

போட்டதை உரிப்பதும் அவர் தொழில்தான். ஊரில் பாதிப்பேர் மதிப்பெண் சான்றிதழை உறைக்குள் போட்டுவிட்டு, வெளிநாட்டு வேலை வந்ததும் ஓடிவருகிறார்கள். அன்றைக்கும் செம்பட்டியிலிருந்து ஆண்டிச்சாமி என்று ஒரு விவசாயி மகனின் சான்றிதழோடு வந்து நின்றார்.

"இதுமேல சீல் குத்தணுமாம். உறையை எடுத்துட்டு வரச் சொல்றாக. கிழிஞ்சிராதுல்ல?"

"நான் உரிச்சு ஒண்ணு கிழிஞ்சதுண்டா? உக்காருங்க." மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டி, மேலே ஒரு காகிதம், ஓரத்தில் நகம். பத்து நிமிடத்தில் சான்றிதழ் பிறந்த மேனியாக வந்தது. ஆண்டிச்சாமி போகிறபோது கிடாரைப் பார்த்தார். "இதுக்கு என்னங்க ஆச்சு, அம்மை போட்ட மாதிரி?"

ரொனால்டு காது கேட்காதவர்போல அட்டையை எடுத்து வழிக்கத் தொடங்கினார்.

பதினெட்டு வருடத்துக்கு முன் மதுரையில் பழைய சாமானாக வாங்கிய எலெக்ட்ரிக் கிடார் அது. கருஞ்சிவப்பு, முகம் பார்க்கலாம்போல மினுமினுப்பு. வாங்கிய வாரமே அதற்குச் சட்டை தைத்தாயிற்று. சாப்பாட்டு மேசைக்கு விரிக்கிற தடித்த கண்ணாடிப் பிளாஸ்டிக்கை அளவெடுத்து வெட்டியவர் ரொனால்டு. தையல் மெஷினில் ஊசி இரண்டை ஒடித்துத் தைத்தவள் பாத்திமா. கம்பிகளுக்கு ஒரு சன்னல், கழுத்துக்குப் பொத்தான். மாதா கோயில் பாடகர் குழுவில் அந்தச் சட்டையோடுதான் வாசிப்பார். வேர்த்த கை பிளாஸ்டிக்கில் பதிந்ததும் 'கிறீச்' என்று ஒரு சத்தம் வரும். பாட்டு தொடங்கப்போகிறது என்பதைக் குழுவே அந்தக் கிறீச்சில்தான் தெரிந்துகொள்ளும்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய தோள்பட்டை இறுகிப்போயிற்று. கை காதுக்கு மேல் ஏறவில்லை. கிடார் தகரக் கூரைக்குக் கீழே பரணுக்குப் போனது. சுவரில் விரல்களை நடக்கவிட்டுத் தினமும் கையை மேலே ஏற்றும் பயிற்சியை ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தார்கள். அலுத்துக்கொள்ளாமல் செய்தார், அது பாராட்ட வேண்டிய விஷயம். எவ்வளவு ஏறியது என்று பார்க்கச் சுவரில் ஓர் அளவுகோலும் ஒட்டினார், லேமினேஷன் போட்டு. கை நன்றாகிவிட்டது. ஆனால் அதற்குள் குழுவை நடத்தும் ஞானராஜ் ஒரு புதுக் கீபோர்டு வாங்கிவிட்டார். அதில் ஒரு பட்டனை அமுக்கினால் கிடார் சத்தம் வந்தது.

"திருவிழாவுக்கு நானே வாசிக்கிறேன் தம்பி" என்று ரொனால்டு போய் நின்றபோது, ஞானராஜ் மரியாதையாகத்தான் சொன்னார்: "வாங்கண்ணே. சனிக்கிழமை காலையில பழகுறோம். கிடாரோட வந்துட்டீங்கன்னா சரி. இல்லைன்னா சங்கடப்படாதீங்க, கீபோர்டுலயே போட்டுக்குவோம். அண்ணன் முன்வரிசையில உக்காந்து கேளுங்க."

முன்வரிசை என்ற சொல் ரொனால்டுக்கு முள்ளாகக் குத்தியது. திங்கட்கிழமையே பரணிலிருந்து கிடாரை இறக்கினார். பொத்தானைக் கழற்றினார். சட்டை வரவில்லை.

"ஒட்டிக்கிருச்சுங்க" என்றாள் பாத்திமா.

"ஒட்டாது. நான் போட்ட உறை ஒட்டாது."

இழுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு லாக்கர் சட்டையோடு சேர்ந்து வந்தது. வெந்த புண்ணில் ஒட்டிய துணியை அவசரப்பட்டு இழுத்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. சட்டை முழுவதும் வந்தபோது கிடார் மேல் அங்கங்கே வழுவழுப்பு, அங்கங்கே பிசுபிசுப்பு, தொட்டால் ரேகை பதிந்தது.

செவ்வாய்க்கிழமை கடைக்குக் கொண்டுவந்து அவர் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். சான்றிதழ் உரித்த கை. ஒட்டியிருக்கிற லாக்கரும் ஓர் உறைதானே என்று நினைத்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, மேலே காகிதத்தைப் போட்டு வைத்துவிட்டார். புகைந்தது. சாகுல் ஹமீது நாற்றம் பிடித்து, ரோட்டைத் தாண்டி ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார்.

"அட அல்லா! என்.சி. லாக்கர்யா இது! தீப்பட்டா பட்டாசு மாதிரிப் புடிக்கும். உனக்குப் புருவம் வேணுமா வேணாமா?"

அஞ்சு ரூபாய்க் காசு அளவுக்கு மரம் கருகியிருந்தது. சாகுல் ஹமீது கிடாரின் பிளாஸ்டிக் சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தார், விரலால் தேய்த்தார். "இந்தப் பிளாஸ்டிக் வளையிறதுக்குன்னு உள்ள ஒரு எண்ணெய் இருக்கு. பரண் சூட்டுல அதைக் கக்கும். லாக்கர் அதைக் குடிச்சுக் கொழஞ்சுபோச்சு."

"சட்டை போடாம வச்சிருந்தா?"

"நாலு கீறல் விழுந்திருக்கும்."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

ரொனால்டு அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டார்.

புதன்கிழமையிலிருந்து பாய் சொன்ன முறைதான். இழுக்காதே, ஊறவை, வாசலில் காற்றோட்டத்தில் வைத்துச் செய், பீடி பிடிக்கிறவனைப் பக்கத்தில் விடாதே. கம்பிகளையும், கம்பிச் சத்தத்தை வாங்குகிற பிக்கப்புகளையும் கழற்றிவிட்டு, திருகுகளைக் கலந்துவிடாமல் இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக வைத்தார். பாத்திமா இரண்டு நாள் உப்புமா கிண்டிப் போட்டாள். "மூணாம் நாளும் உப்புமான்னா சொல்லிருங்க, நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றாள். கைக்கு ரப்பர் உறை போடச் சொன்னதும் அவள்தான். உலகத்தில் எல்லாவற்றுக்கும் உறை போட்ட மனிதர் தன் கைக்கு மட்டும் மறந்திருந்தார். அதற்குள் விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி லாக்கரும் போனது. ரொனால்டு துணியால் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். தேக்காக இருக்கும், இல்லாவிட்டால் ஏதோ சீமை மரமாக இருக்கும் என்று பதினெட்டு வருடம் நம்பியிருந்தார். வெளியே வந்தது வெளுத்த சாதா மரம். அதுவும் மூன்று துண்டு ஒட்டியது. நடுவில் ஒரு கணு. அதில் மக்கு வைத்து அடைத்திருந்தார்கள்.

சாகுல் ஹமீது ஒட்டைத் தடவிப் பார்த்தார். சிரிக்கவில்லை, அது அவருடைய நல்ல குணம். "ஒட்டு நல்லா பண்ணிருக்கான்" என்றார்.

"புது லாக்கர் அடிச்சா எப்பக் காயும் பாய்?"

"கை வச்சு வாசிக்க ஒரு வாரமாச்சும் ஆகும். நாளைக்குக் காலையிலன்னா மொட்டை மரந்தான்."

"வேர்வை உள்ள எறங்குமே."

"எறங்கட்டும். உன் வேர்வைதான? ஊரான் வேர்வையா?"

வீட்டில் இட்லித் தட்டு காலியாகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குழியாகத் திருகை எடுத்து மாட்டினார் ரொனால்டு. புதுக் கம்பி கட்டினார். பாத்திமா அலமாரியைத் திறந்து ஒரு சுருளை எடுத்து மேசைமேல் போட்டாள். "அதே பிளாஸ்டிக்கு. ரெண்டு மீட்டர் மிச்சம் கெடக்கு. வேணுமா, வெளிய போடவா?"

அவர் சுருளைப் பார்த்தார், கிடாரைப் பார்த்தார். "வெளிய போடாத" என்று மட்டும் சொன்னார். சுருள் மேசையிலேயே கிடந்தது.

மறுநாள் காலை, பூசை முடிந்ததும் பாடகர் குழு கூடியது. பாத்திமாவும் அந்தக் குழுவில் பாடுகிறவள்தான். ரொனால்டு மொட்டைக் கிடாரோடு தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார். கருகின வட்டமும் மக்கு அடைத்த கணுவும் எல்லோர் கண்ணிலும் பட்டன. ஞானராஜ் கீபோர்டில் கிடார் பட்டனை அமுக்கித் தயாராக வைத்துக்கொண்டார்.

ரொனால்டு கையை மரத்தின்மேல் வைத்தார். பாட்டின் முன்வாசிப்பைத் தொடங்கி முடித்தார். யாரும் பாடவில்லை. மறுபடி வாசித்தார். அப்போதும் பாடவில்லை. பதினாறு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்ப்பா, வாய்ல என்ன?"

"நீங்க இன்னும் ஆரம்பிக்கலையேண்ணே" என்றார் ஞானராஜ்.

"ரெண்டு தடவை ஆரம்பிச்சுட்டேன்யா!"

"கிறீச்சு வரலையே."

பாத்திமாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு பொத்துவதை விட்டுவிட்டுச் சிரித்தாள். குழு முழுக்கச் சிரித்து ஓய்ந்தபின் ரொனால்டு மூன்றாம் முறை வாசித்தார். இந்தத் தடவை பாத்திமா முதல் வரியை எடுத்துக் கொடுத்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது சரணத்தில் ஞானராஜ் குனிந்து கீபோர்டைப் பார்த்தார். கிடார் பட்டனிலிருந்து விரலை எடுத்து வயலின் பட்டனை அமுக்கினார்.

பழகி முடித்து எல்லோரும் எழுந்தார்கள். ரொனால்டு கிடாரை உறையில்லாமல் அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு, கீபோர்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அதன்மேல் விரலை வைத்து இழுத்து, நுனியைப் பார்த்தார்.

"நல்ல சாமான் தம்பி. தூசி அடையுது பாரு."

"பரவால்லண்ணே, நான் தொடச்சுக்கிருவேன்."

"வீட்டுல ரெண்டு மீட்டர் சும்மாதான் கெடக்கு."

சட்டைப் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார். ஒரு முனையை ஞானராஜின் கையிலேயே கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, கீபோர்டின் நீளத்தையும் அகலத்தையும் இரண்டு முறை அளந்து, உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.