புலம்பலுக்குப் போட்ட ஒட்டு

கிள்ளானில் எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கவிதை வடிவங்கள் சொல்லிக்கொடுக்கிறேன். தலையில் அடித்துக்கொள்ளாத வாரம் கிடையாது. ஹைக்கூ எழுதச் சொன்னால் மூன்றாவது வரியில் ஆமென் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டடியில் ஒரு வெண்பா கேட்டால் முழ நீளத்துக்கு ஜெபம் வருகிறது.

"இது பாட்டுடா, பிரேயர் இல்ல" என்றால், "சர்ச்சுல வேற என்ன டீச்சர் எழுதறது?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். பாதிப் பேர் மலாய்ப் பள்ளியில் படிப்பவர்கள். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி நீட்டுவார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் சபை முன்னால் நிகழ்ச்சி நடத்தும் சிறுவர் ஞாயிறு நெருங்கியபோது, வேதத்தில் இருக்கும் புலம்பல் வடிவத்தை எடுத்தேன். ஒரு வரி சொன்னதை அடுத்த வரி வேறு சொல்லில் சொல்ல வேண்டும். மனதில் இருக்கிற கோபத்தை ஆண்டவரிடமே சொல்லலாம், அவர் தாங்கிக்கொள்வார் என்றேன். பண்டமாரானிலிருந்து வரும் ஒரு சிறுமி மட்டும் தலை நிமிராமல் எழுதினாள். அவள் அம்மா அந்த வருடம்தான் புற்றுநோயில் இறந்திருந்தார். சபையே உபவாசம் இருந்து ஜெபித்தும் பிழைக்கவில்லை.

பசியோடு உம்மைக் கேட்டோம்,
சாப்பிடாமல் உம்மைக் கூப்பிட்டோம்.
நீர் கதவைத் திறக்கவில்லை,
உள்ளே இருந்தும் பேசவில்லை.
அம்மாவின் அலமாரி மூடியே இருக்கிறது,
அப்பா அதைத் தொடுவதே இல்லை.

என் வகுப்பில் பிறந்த ஒரே கவிதை அதுதான். ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் ஆன்டி ஒருவர் இருக்கிறார். எங்கள் சபையில் யார் சாட்சி சொல்ல எழுந்தாலும், வீடு எரிந்த கதையென்றாலும், ஸ்தோத்திரத்தில்தான் முடிக்க வேண்டும். அதே வழக்கத்தில் அவர் இந்தப் புலம்பலுக்கும் ஒரு வரி ஒட்டி, அவளை மனப்பாடமும் செய்ய வைத்துவிட்டார்: "ஆனாலும் நீர் நல்லவர், அல்லேலூயா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது அவ எழுதினது இல்ல ஆன்டி. எடுத்துடுங்க."

"சின்னப் பிள்ளை லா. ஆண்டவரைக் குறை சொல்ற மாதிரி சபை முன்னாடி நிக்க வைக்கலாமா?"

போதகரிடம் போனேன். "ஒரு வரிதானே டீச்சர், விட்டுடுங்க" என்றார். ஒரு வரிதானாம். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அந்த ஞாயிறு அவள் சபை முன் நின்று ஒப்பித்தாள். பின்வரிசையில் அவள் அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டார். ஒட்டுப்போட்ட வரி வந்ததும் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அல்லேலூயா சொல்லிக் கைதட்டினார்கள். ஆன்டி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது.

ஆராதனை முடிந்து கூட்டம் மீகூன் வைத்திருந்த சாப்பாட்டு மேசைப் பக்கம் நகர்ந்தபோது அவள் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், கடைசி வரி நான் எழுதலன்னு ஆண்டவருக்குத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"அப்போ அவரு இன்னும் பதில் சொல்லல" என்று சொல்லிவிட்டு, அப்பாவிடம் போனாள்.