ஜெனிட்டா அடித்த காற்று

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் ஜெனிட்டா புருஷனோடு சேர்ந்து வாழ்ந்தது இரண்டு லீவுதான். ரெமிஜியஸ் குவைத்தில் ஏசி மெக்கானிக். வருவான், பெட்டியைப் பிரிப்பான், வீட்டில் சென்ட் வாசனை அடங்குவதற்குள் மறுபடி பெட்டி கட்டுவான். பாபநாசத்தில் அந்தத் தெருவில் பாதி வீடுகளில் இதுதான் நடப்பு, இவள் மட்டும் என்ன அதிசயம் என்று ஊரில் பேசினார்கள். பேசுவார்கள். தனியாகப் படுத்து எழுந்திருப்பவளுக்கல்லவா தெரியும்!

மூன்றாம் முறை கான்ட்ராக்ட் முடிந்து வந்தவனின் காலில் விழாத குறையாக அழுதாள். "கஞ்சி குடிச்சாலும் சேர்ந்து குடிப்போங்க. இனிமே போகாதீங்க." அவன் ரெண்டு நாள் மோட்டுவளையைப் பார்த்தபடி படுத்திருந்துவிட்டு ஒரு வழி சொன்னான். அங்கே கூடத் தங்கியிருந்த மலையாளி ஒருவர் ஏஞ்சல் மீன் வளர்த்து விற்றாராம், அந்த வேலை இவனுக்கும் தெரியுமாம். "குஞ்சு பொரிச்சு, அது பொழைச்சு, கும்பகோணத்து வண்ணமீன் கடைக்காரர் எடுத்துக்கிட்டார்னா இதையே தொழிலா வச்சுக்கலாம். நான் போகலை. போதுமா?"

போதுமாவா! ஜெனிட்டாவுக்கு அன்றைக்கே ஈஸ்டர் வந்துவிட்டது.

கூடத்தில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீனோடு கண்ணாடித் தொட்டி வந்து உட்கார்ந்தது. கூடவே அடியில் படியும் அழுக்கை உறிஞ்சி எடுக்க ஒரு டியூப், குஞ்சு நசுங்காத மெல்லிய வலை, கண்ணாடியில் ஒட்டிவைக்கும் தெர்மாமீட்டர், குஞ்சை இழுத்து விழுங்கிவிடாத ஸ்பாஞ்சு ஃபில்டர். ஹீட்டர் ஒன்றையும் கடைக்காரர் தலையில் கட்டியிருந்தார். பாபநாசம் வெயிலுக்கு ஹீட்டர்! அது அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. குழாய்த் தண்ணீரில் மருந்து இருக்கும், டிரம்மில் பிடித்து ஒரு நாள் வைத்துத்தான் ஊற்ற வேண்டும் என்று ரெமிஜியஸ் ஒருமுறை சொன்னான். இரண்டாம் முறை சொல்ல அவள் விடவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியம் ஏர் மோட்டார். பார்த்தால் சோப்பு டப்பா அளவு. அது ஊதும் காற்றில்தான் ஃபில்டரும் ஓட வேண்டும், குஞ்சும் மூச்சு விட வேண்டும்.

சாம்பல் புதனில் தொடங்கிய தவக்காலத்தின் நடுவில் தாய்மீன் முட்டை வைத்தது. சில நாளில் கடுகுக்கு வால் முளைத்த மாதிரி தொட்டி முழுக்கக் குஞ்சுகள். அந்த வருஷம் பார்த்தா கரண்ட் அப்படி ஆட்டம் காட்ட வேண்டும்? வரும், போகும், போனால் எப்போது வரும் என்று எவனுக்கும் தெரியாது. மோட்டார் நின்றதும் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஜெனிட்டாவுக்கு உயிரே போய்விட்டது. பரணில் கிடந்த சைக்கிள் பம்பை இறக்கி, அதன் முனையைக் காற்றுக் குழாயோடு ரப்பர் போட்டு இறுக்கிக் கட்டி அடித்தாள். கரண்ட் வரும்வரை அடித்தாள். அன்று முதல் ஒவ்வொரு தடவையும் அதே பாடுதான். உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு அடித்தாள்.

"விட்டுத் தொலை. செத்தா சாவட்டும்" என்றான் ரெமிஜியஸ்.

"அது செத்தா நீங்க போயிடுவீங்கல்ல?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பெரிய வியாழனுக்கு முந்தின நாள் அவன் கடைக்காரரைப் பார்க்கக் கும்பகோணம் போவதாகச் சொல்லிக் கிளம்பினான். இனிக் கையால் முடியாது என்று ஜெனிட்டா பேட்டரியில் ஓடும் மோட்டார் வாங்கத் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினாள். வீட்டில் இருந்தது மாமியார் இருதயம்மாள் ஒருத்திதான்.

"அத்தை, கரண்ட் போனா இதை மெதுவா அடிச்சுக்கிட்டே இருங்க. நிறுத்திடாதீங்க."

"போயிட்டு வாம்மா. எம் புள்ளை இங்கயே இருக்கணும்னு உனக்கு மட்டுந்தான் ஆசையா?"

கரண்ட் போனது. இருதயம்மாள் அடித்தாள். அவளுக்கு ஏற்கெனவே வலது தோள் தூக்க வராது. கொஞ்ச நேரத்தில் கை தானாக விழுந்தது. குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்தன. பாவி மனுஷி என்ன செய்வாள்? வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த எண்ணெய் மாதா படத்துக்குக் கீழே இருந்தது. தலைவலிக்கு அந்த எண்ணெய், பசுவுக்கு மடி வீங்கினால் அந்த எண்ணெய். பாட்டிலை அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டு முழங்காலில் நின்று ஜெபமாலையை எடுத்தாள். எண்ணெய் தண்ணீர்மேல் பாய் விரித்தது போலப் படர்ந்து மூடியது. மோட்டாரும் ஓடவில்லை, மேலிருந்து இறங்கிய கொஞ்சநஞ்சக் காற்றுக்கும் வழி அடைபட்டது.

ஜெனிட்டா புது மோட்டாரோடு வந்தபோது குஞ்சுகள் எல்லாம் வெள்ளையாக மிதந்தன. இருதயம்மாள் இன்னும் முழங்காலில்தான் இருந்தாள். "மாதா எண்ணெய் முழுசும் ஊத்திட்டேம்மா. ஜெபமாலை இன்னும் கொஞ்சந்தான் பாக்கி, முடிஞ்சதும் எழுந்துரும் பாரு."

"ஐயோ அத்தை, என் குடியைக் கெடுத்துட்டீங்களே!" ஜெனிட்டா தரையில் விழுந்து புரண்டு அழுதாள். கிழவிக்கு அப்போதும் என்ன தப்பு என்று புரியவில்லை. புரிந்தபோது மாதா படத்தைப் பார்க்கவே பயந்து, அடுப்படி மூலையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் வந்த ரெமிஜியஸ் தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தான். திட்டவில்லை, கத்தவில்லை. "நம்ம நேரம்" என்று சொல்லி டியூபைப் போட்டுத் தண்ணீரை எல்லாம் தானே இறக்கினான். எவ்வளவு தங்கமான மனுஷன் என்று அந்த அழுகையிலும் அவளுக்குத் தோன்றியது.

ஈஸ்டருக்கு மறுநாள் குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் போன் செய்தார். அந்த வாரமே டிக்கெட். ஜெனிட்டா கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். மெடிக்கல், விசா, ஸ்டாம்பிங் என்று எத்தனை வாரம் இழுக்கும் என்பது வளைகுடாக்காரன் பெண்டாட்டிக்கா தெரியாது?

"என்னங்க, பாஸ்போர்ட்டை எப்பக் குடுத்தீங்க?"

அவன் "சாம்பல் புதனுக்கு முன்னாடி" என்றான்.

"முட்டையே வைக்கலையே அப்ப!"

"நீ அப்படி அழுதியே ஜெனிட்டா. ஏதாவது சொல்லணும்ல."

துணி சுற்றிய கையை அவள் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அடுப்படியில் இருதயம்மாள் மாரில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "பாவி நான், என்னாலதானே எம் புள்ளை போறான்!"

சொல்லாதே என்று ரெமிஜியஸ் கண்ணால் கெஞ்சினான். ஜெனிட்டா அடுப்படிக்குப் போய்க் கிழவியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அழாதீங்க அத்தை. நீங்க ஒண்ணும் பண்ணலை. அது அத்தனையும் பொழைச்சிருந்தாலும் உங்க புள்ளை போயிருப்பாரு."

இருதயம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தாள். அவன் வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.