மேசையில் ஏறிப் படுத்தவர்

தக்கலையில் எங்கள் சேவைச் சங்கத்தில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பேச்சாளர் பிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், பலரும் வந்துபோகும் இடம் என்பதுதான் காரணம். தேனீ வளர்ப்பவர் ஒருவர் வந்து பேசினார். உயில் எழுதுவது பற்றி ஒரு வக்கீல் பேசினார். யார் எதைப் பேசினாலும் எங்கள் ஆட்கள் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "இது சுகர் உள்ளவிய சாப்பிடலாமா?" வக்கீலிடமும் ஒருவர் கேட்டார், அன்றைக்குப் பரிமாறிய கேசரியைக் காட்டி.

ஒருநாள் ஒரு நர்ஸ் சான்றிதழ்களை நகல் எடுக்கக் கடைக்கு வந்தார். கடியப்பட்டணத்துக்காரர். கல்ஃபில் பல வருடம் படுத்த படுக்கையான நோயாளிகளைக் கவனித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். மெஷின் ஓடி முடிவதற்குள் அவரைக் கூட்டத்துக்கு அழைத்துவிட்டேன்.

"எனக்குப் பேசல்லாம் வராது அண்ணே."

"வீட்டுல கெடக்கவியள எப்படிப் பாக்கணும்னு சொல்லுங்க சிஸ்டர். அது போதும்."

கூட்டத்தன்று கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் வந்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எல்லாருக்கும் வணக்கம்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சங்கத் தலைவர் இருமினார்.

அப்போது பின்வரிசையிலிருந்து குலசேகரத்து ரப்பர் வியாபாரி எழுந்தார். ஆள் நல்ல பருமன். சட்டையில் எப்போதும் ரப்பர் ஷீட்டின் புகைவாடை இருக்கும். கூட்டங்களில் அவர் வாய்திறந்து நான் பார்த்ததில்லை. நேரே முன்னால் வந்தார், மேசையிலிருந்த பூச்சாடியை எடுத்துத் தரையில் வைத்தார், செருப்பைக் கழற்றிவிட்டு மேசைமேல் ஏறிப் படுத்துவிட்டார்.

"மக்கா, எனக்கு ஒரு பக்கம் வெளங்காதுன்னு வச்சுக்க. நீ ஒண்ணும் பேசாண்டாம். என்னைத் திருப்பிப் போடு, பாப்போம்."

எல்லோரும் சிரித்தோம். நர்ஸும் சிரித்துவிட்டார். மைக்கை வைத்துவிட்டு முந்தானையை இடுப்பில் செருகினார். அந்த நிமிடம் முதல் அவர் வேறு ஆள். வியாபாரியின் முழங்காலை மடக்கினார், கையை மார்புக்குக் குறுக்கே வைத்தார், தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. அத்தனை பெரிய உடம்பு அலுங்காமல் புரண்டது. பொன்னாடையாகப் போர்த்த வாங்கி வைத்திருந்த துண்டை மடித்து அவர் முழங்கால்களுக்கு நடுவே வைத்தார். வேலை செய்யச் செய்யத் தானாகவே பேச ஆரம்பித்துவிட்டார். படுக்கைப் புண் எங்கெங்கே வரும், விரிப்பில் சுருக்கம் ஏன் கூடாது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை ஏன் திருப்ப வேண்டும் என்றெல்லாம்.

ஒருக்களித்துப் படுத்தபடியே வியாபாரி கேட்டார்: "வீட்டுல ஒத்த ஆளுதான் உண்டெங்கில்? அந்த ஆளுக்கு முதுகுவலியும் உண்டெங்கில் என்ன செய்ய?"

நர்ஸின் கை நின்றது. "ஆருக்கு அண்ணே?"

"வீட்டுக்காரிக்கு" என்றார், சுவரைப் பார்த்தபடி. "முதுகுல புண்ணு வந்துட்டு."

யாரும் சிரிக்கவில்லை. மனைவி பக்கவாதத்தில் விழுந்து மாதக்கணக்காகிவிட்டது என்பதும், பிள்ளைகள் வெளிநாட்டில் என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மா துணைக்கு உட்காரும் நேரத்தில்தான் அவர் கூட்டத்துக்கே வந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நர்ஸும் தலைவரும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். கட்டிலருகே போய் நின்றதும் தலைவருக்கும் எனக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "சுகமா இருக்கியளா அக்கா?" என்றேன்.

"ஃபேனுக்கு ஒரு கேடும் இல்ல, நல்லா சுத்துது" என்றார் அவர், கொஞ்சம் குழறலாக. "எனக்க மூஞ்சியப் பாத்துப் பேசுங்கோ."

நர்ஸ் வாய்விட்டுச் சிரித்தார். நாங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம்.

முதுகுக்கு அடியில் ஒரு விரிப்பை மடித்துப் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கித் திருப்பும் முறையை நர்ஸ் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சங்கத்தில் இரண்டிரண்டு பேராக முறை வைத்துப் போக ஆரம்பித்தோம். நான் முதன்முதலில் பிடித்து இழுத்தபோது, "ஏலே, அரிசிச் சாக்கா இழுக்கிய?" என்று அக்கா சத்தம் போட்டார். அதன்பிறகு பயந்து பயந்து செய்தேன், அதற்கும் திட்டு விழுந்தது. புண்ணுக்கு நர்ஸ் வந்து மருந்து கட்டினார். அது மெல்ல மெல்ல ஆறியது. விஷயம் பரவி வேறு வீடுகளிலிருந்தும் கேட்டார்கள். இப்போது மலையோரத்திலும் கடற்கரையிலுமாகப் பல வீடுகளுக்குப் போகிறோம். எந்த வீட்டுக்கு யார் போவது என்பதை நர்ஸ்தான் முடிவு செய்கிறார், தலைவரும் அவர் சொன்னபடிதான்.

சென்ற மழைக்காலத்தில் வியாபாரி தன் மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டத்துக்கு அழைத்து வந்தார். மழைநீர் சேமிப்பு பற்றி ஒரு பொறியாளர் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நீண்டுகொண்டே போனது. முன்வரிசையில் இருந்த அக்கா கணவர் பக்கம் திரும்பி, காதோடு சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி, "இவரு எப்பம் நிறுத்துவாரு?" என்றார்.

பொறியாளரே முதலில் சிரித்து, "இப்பமே நிறுத்திடுதேன் அக்கா" என்று மைக்கை வைத்தார். டீ வந்தது. வியாபாரி ஊதி ஆற்றிக் கொடுக்க, அக்கா குடித்துவிட்டுச் சீனி போதாது என்றார்.