கட்டம் போட்ட ரோஸ் காக்காய்

டீ-ஷர்ட்டில் படம் அடிக்கும் பிரிண்டிங் யூனிட்டில் டிசைனர் வேலை என்பது, யாரோ எங்கிருந்தோ அனுப்பிய படத்தைக் கலர் கலராகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, "இதை நீயா வரைஞ்சே?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது மழுப்புகிற உத்தியோகம்.

இந்தக் கொடுமையை அனுபவிக்கும் சக டிசைனர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். முதலிபாளையத்தில் இருக்கும் எங்கள் யூனிட்டில் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் படத்தைத்தான் அதுவரை அடித்தோம். போன சீசனில் முதலாளியை நச்சரித்து ஒரு வாய்ப்பு வாங்கினேன். நானே வரைந்த டிசைன் ஒன்று சாம்பிள்களோடு போகும். ஆர்டர் வந்தால் சொந்த டிசைனுக்கென்று தனிப் பிரிவு, பொறுப்பு எனக்கு. வராவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

பாதி வந்த படம்

நான் வரைந்தது ஒரு காக்காய். பழைய வீடியோ கேம் பொம்மை மாதிரி உடம்பு முழுக்கச் சின்னச் சின்னச் சதுரம். நிறமோ தெருச் சுவரில் ஸ்ப்ரே கேன் பிடித்து அடிப்பார்களே, அந்த ரகம். கண்ணைப் பறிக்கும் ரோஸ், கிளிப்பச்சை, ஆரஞ்சு. இறக்கை நுனியில் பெயிண்ட் சொட்டுச் சொட்டாக வழியும். கறுப்பு டீ-ஷர்ட்டில் அதை வைத்துப் பார்த்தபோது என் முதுகை நானே தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார். "படம் நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா இன்னும் முழுசா டவுன்லோடு ஆகலையாட்ட இருக்குது."

கேட்காத உபகாரம்

துணியில் அச்சடிக்கும் ஸ்கிரீனுக்கு பிலிம் எடுத்துத் தரும் கடைக்கு ஃபைலை அனுப்பினேன். வந்த பிலிமில் ஒரு சதுரத்தைக்கூடக் காணோம். என் காக்காய் வழுவழுவென்று, பெண் பார்க்கக் கிளம்பின மாப்பிள்ளை மாதிரி இருந்தது. பதறிப்போய் போன் செய்தால் கடைக்காரர் குரலில் அவ்வளவு கனிவு. "ஓரமெல்லாம் பல்லு பல்லா இருந்துச்சுங்க. உங்களுக்குக் கெட்ட பேரு வந்துறக் கூடாதுன்னு ராவெல்லாம் உக்காந்து நானே தேய்ச்சு உட்டனுங்க."

சுவர் பார்க்கப் போனது

மறுபடி பிலிம் எடுத்து வந்தால், பிரிண்டிங் மாஸ்டர் முரண்டு பிடித்தார். மதுரைக்காரர். ஸ்ப்ரே அடித்த மாதிரி ஓரத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி வர வேண்டும் என்றதும், தூசி விழுந்த பிரிண்ட் என்று தன்னைத்தான் திட்டுவார்கள் என்றார். வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு, பாலத்துக்குக் கீழே கல்லூரிப் பிள்ளைகள் படம் அடித்து வைத்திருக்கும் சுவருக்குக் கூட்டிப் போனேன்.

கிட்டப் போய்ப் பார்த்தார், எட்ட நின்று பார்த்தார், நகத்தால் சுரண்டியும் பார்த்தார். பிறகு மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "அடியில வெள்ளைகூடப் போடாம அடிச்சிருக்காய்ங்க தாயி. நான் வெள்ளை போட்டு அதுக்கு மேல ரோஸ் அடிக்கிறேன் பாரு, இந்தச் சுவரு வெக்கப்பட்டுப் போகும்!"

அம்புகள்

சொன்னபடியே அடித்துக் கொடுத்தார். கூரியர் போகிற நாளில் நான் தாராபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். செக்கிங்கில் துணியில் குறை இருந்தால் அந்த இடத்தைக் காட்டிச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வழக்கம். செக்கிங் செல்வி அக்கா என் காக்காயை விரித்துப் பார்த்திருக்கிறார். பெயிண்ட் வழிகிறது! சொட்டுக்கொரு அம்பு ஒட்டித் தள்ளிவிட்டார். பேக்கிங்கில் அவசரம், ஸ்டிக்கரை யாரும் உரிக்கவில்லை.

திரும்பி வந்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. தப்பு இங்கே, தப்பு அங்கே என்று நாமே காட்டி அனுப்பிய சாம்பிளுக்கு எவன் ஆர்டர் தருவான்? அழாத குறையாகச் சண்டைக்குப் போனேன். அக்கா அசரவில்லை. "வழிஞ்சா வழிஞ்சதுதான் கண்ணு. ஆரு வரைஞ்சிருந்தாலும் நான் அம்பு ஒட்டத்தான் ஒட்டுவேன்."

மெயில்

பையரின் பதிலை முதலாளி அறையில் நின்றுகொண்டே படித்தேன். சதுரங்கள் பிடித்திருக்கிறதாம். நிறம் ரொம்பவே பிடித்திருக்கிறதாம். எல்லாவற்றையும்விட, வழியும் பெயிண்டைச் சுட்டிக்காட்டும் குட்டிச் சிவப்பு அம்புகள் பிரமாதமாம். ஆர்டரில் அவற்றையும் சேர்த்தே அடித்துத் தர வேண்டுமாம்! முதலாளி முன்னால் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

இப்போது அம்பும் பிரிண்டிலேயே வருகிறது. நிஜக் குறையைக் காட்டும் அம்பு அதோடு குழம்பக் கூடாதென்று செல்வி அக்காவுக்கு மஞ்சள் ஸ்டிக்கர் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஆனாலும் அவருக்கு ஆறவில்லை. "அம்பையும் நீங்களே அடிச்சு உட்டுட்டா நான் எதுக்குக் கண்ணு இங்க இருக்கறேன்?"

எந்த ஊர் டிசைன்

போன வாரம் யூனிட்டைச் சுற்றிப் பார்க்க வந்த ஏஜென்ட் ஒருவர், மெஷினில் வரிசையாக ஓடும் காக்காய்களைப் பார்த்து, இது எந்த நாட்டிலிருந்து வந்த டிசைன் என்று கேட்டார். தள்ளி நின்ற என்னை முதலாளி கைகாட்டி முன்னால் கூப்பிட்டார். "எங்கிருந்தும் வரலீங்க. இந்தப் புள்ள வரைஞ்சது, நம்ம யூனிட்டு டிசைனுங்க."

ஆக, அந்தக் காக்காயில் சதுரம் என்னுடையது, ரோஸ் மாஸ்டருடையது, அம்பு செல்வி அக்காவுடையது; பெருமையை மட்டும் யாருக்கும் பங்கு வைக்காமல் நானே கட்டிக்கொண்டு திரிகிறேன்.