வாசலில் ஒரு மத்தித் தலை

குளிர்காலம் முடியப்போகிற ஒரு விடுமுறை நாள் காலை. பால் வாங்கக் கதவைத் திறந்தால், நிலையில் ஒரு மத்தித் தலை செருகியிருக்கிறது. சுட்ட தலை. முள்முள்ளான இலைகள் உள்ள ஒரு குச்சியில் குத்தி, என் முகத்துக்கு நேராக வைத்திருக்கிறார்கள். ஒசாகா பக்கத்தில் நான் குடியிருக்கும் இந்த அடுக்ககத்தில் செருப்புச் சத்தம்கூடக் கேட்காது, அவ்வளவு ஒழுங்கு. ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் உண்டு. போன மாதம்தான் குடியிருப்பு அலுவலகத்தில் கூப்பிட்டுப் பேசினார்கள். நான் கருவாடு வறுக்கிற வாசனை பக்கத்து வீட்டுக்குப் போகிறதாம், புகார் வந்திருக்கிறதாம். இன்னொரு முறை வந்தால் மார்ச்சில் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது கஷ்டமாம். குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொன்னார்கள். வெளிநாட்டுக்காரிக்கு இங்கே இன்னொரு வீடு கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? இந்த ஒன்றுக்கே படாத பாடு பட்டிருந்தேன்.

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்துக் கொருக்குப்பேட்டைத் தெருக்களில் விற்கிறவள். அங்கே இன்னும் விடியவில்லை, ஏலத்துக்குக் காத்திருந்தாள்.

"ஐயய்யோ, எவனோ செய்வினை வெச்சிட்டான்டீ! கையால தொடாத!" என்று கத்தியவள், போனைக் கிட்டே கொண்டுபோகச் சொல்லி உற்றுப் பார்த்தாள். "ஏண்டீ, சுட்டுல்ல வெச்சிகீறான்? செய்வினைக்கு எவன்டீ மீன சுட்டு வெப்பான்?"

அப்படியானால் இது கேலி. மீன் நாற்றக்காரி இங்கே இருக்கிறாள் என்று ஊருக்குக் காட்டுகிறார்கள். கல்லூரியில் சேர்ந்த புதிதில் நகரத்துக்குள் ஒரு வீடு பேசி முடித்திருந்தோம். சாவி வாங்கப் போன அன்று அம்மா மீன் கூடையோடு நேராக வந்துவிட்டாள். வீட்டுக்காரம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "மீன்காரங்களுக்கு வீடு தர்றதில்லம்மா" என்றார். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன். "இன்னாத்துக்கு அழுவுற? இந்த நாத்தந்தாண்டீ உன்ன காலேஜுல சேத்துச்சு" என்று சொல்லிவிட்டு அம்மா விறுவிறுவென்று நடந்தாள். அன்று ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் திரும்பி வந்தோம். இந்த முறை அப்படித் திரும்புவதாக இல்லை.

தலையைக் குச்சியோடு பிடுங்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மணியை அழுத்தினேன். மோரி-சான் திறந்தார். ஐம்பது வயதிருக்கும், தனி ஆள், டாக்ஸி ஓட்டுகிறார். வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒரு கையில் மட்டும் வெள்ளை உறை மாட்டியிருந்தார். எனக்குத் தெரிந்த ஜப்பானியத்தில், "இதை வைத்தது நீங்களா? என் வாசலில் எதற்கு இந்த நாற்றம்?" என்று கேட்டேன்.

அவர் பதறிப்போய்க் குனிந்தார். "மன்னிக்கவும். நாற்றம் போதவில்லையா?"

அப்போதுதான் பார்க்கிறேன், அவர் வாசலிலும் ஒரு தலை. அன்றைக்கு செட்சுபுன், குளிர்காலத்தின் கடைசி நாள். ஓனி என்கிற பேய் வீட்டுக்குள் நுழையப் பார்க்குமாம். மத்தி நாற்றம் அதற்கு ஆகாதாம், அந்த இலை முள் அதன் கண்ணைக் குத்துமாம். தலையை வாசலுக்கு வைத்துவிட்டு உடம்பைச் சாப்பிட்டால் வருஷம் முழுக்க நோய்நொடி அண்டாதாம். "உங்கள் வாசல் வெறுமையாக இருந்தது" என்றவர், தலையில்லாத சுட்ட மத்தி இரண்டைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருந்தாலும் இந்த வாய் சும்மா இருக்குமா? "கருவாட்டுக்குப் புகார் சொன்னது யார்?" என்றேன்.

"நான்தான்." கொஞ்சமும் மழுப்பவில்லை மனிதர். "இந்த நாற்றம் ஓனிக்கு. கருவாடு என் சட்டையில் ஏறுகிறது. வண்டியில் உட்காருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள்."

என்ன நியாயமய்யா இது! கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆனால் அவருக்கும் பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே. "கருவாட்டை விட மாட்டேன். நீங்கள் துணி காயப்போடாத நாளைச் சொல்லுங்கள், அன்றைக்கு மட்டும் வறுக்கிறேன்" என்றேன். நாள்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "ஞாயிறு மதியம்" என்றார். இனிப் புகார் இல்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிடுவீர்களா என்று கேட்டேன். சொல்வதாகத் தலையாட்டினார். நாளைக்கே சொல்ல வேண்டும் என்றேன். அதற்கும் ஆட்டினார்.

சாயங்காலம் கடையில் எஹோமகி வாங்கினேன். முட்டை, வெள்ளரி, விலாங்கு எல்லாம் வைத்துக் கடற்பாசியில் சுருட்டிய தடித்த சோற்று உருளை. அதை வெட்டாமல், அந்த வருஷத்து அதிர்ஷ்டத் திசையைப் பார்த்தபடி தின்று முடிக்க வேண்டும். நடுவில் பேசினால் அதிர்ஷ்டம் போச்சு. அந்த வருஷத் திசை மேற்கு-தென்மேற்கு. போனில் வரைபடத்தைத் திறந்து அந்தத் திசையில் விரலை நகர்த்திக்கொண்டே போனேன். சீனா, பர்மா, வங்காள விரிகுடா, அப்புறம் காசிமேடு. வீடு நிலைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு முதல் வாய் கடித்தேன்.

போன் அடித்தது. அம்மா. எடுக்காமல் இருக்க முடியவில்லை.

"இன்னாடீ ஆச்சு? வாயில இன்னாத்த வெச்சிகினு கீற?"

தட்டில் இருந்த மத்தியைக் காட்டினேன். "தல எங்கடீ? தலதாண்டீ ருசியே!" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "வூட்ட காலி பண்ண சொல்லிட்டானுங்களா? பேசுடீ. பேஜாரா கீதுன்னா கெளம்பி வந்துடு கண்ணு."

காசிமேட்டைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, அம்மா கெஞ்சியதையும் திட்டியதையும் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டே கடைசி வாய் வரைக்கும் மென்றேன். விழுங்கினேன்.

"காலி பண்ல மா," என்றேன். "இங்கதான் கீறேன்."