படத்தில் விடுபட்ட தங்கச்சி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு டூட்டிங்கில் எனக்கு இரண்டு கடை. லண்டன் குளிர் என்னை ஒரு நாளும் காய்ச்சல், வருத்தமென்று படுக்க வைத்ததில்லை. மகளின் கலியாணத்துக்கு எங்கள் வம்சத்தை மரமாகக் கீறுவித்து, கண்ணாடி போட்டு, வீட்டு முன் அறையில் கொழுவினேன். யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் காடு வெட்டிக் குடியேறியவர் தொடக்கம் மகள் வரை ஏழு தலைமுறை. அவ்வளவு பேரும் என் தலைக்குள் இருந்து வந்தவை. ஒரு துண்டுக் கடதாசி பார்க்கவில்லை. வந்த சனம் அதற்கு முன் நின்றுதான் போட்டோ எடுத்தது.

போன மாரியில் மகளுக்கு மூன்று மாதம். இங்கே பிள்ளைத்தாய்ச்சிகளின் இரத்தத்தைப் பார்த்து, முன்னோர் எந்த ஊர் என்றும் கேட்டு எழுதுவார்கள். அவளுக்கும் மருமகனுக்கும் இரத்தத்தில் வழிவழியாக வரும் ஒரே மாதிரிக் குறை. அது அவர்களை ஒன்றும் செய்யாதாம். ஆனால் இருவரிடமும் இருந்தால் பிள்ளைக்குப் பெரிய வருத்தமாக வரலாம். வந்தால் காலம் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டும்.

மகள் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று கேட்டாள்.

"அப்பா, எங்கட ஆக்களில சின்ன வயசில ஆரும் செத்தவையோ?"

"என்ர பக்கம் சுத்தம். கொம்மாவின்ர ஆக்களைக் கேள்."

என் மனுசி குசினிக்குள் நின்றவள். கேட்டபடியே வெங்காயம் வெட்டினாள். என் சுத்தத்தைக் காட்டவென்றே அவளையும் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் கொடுத்தேன். அவளிடம் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. குறை என்னிடம்தான்.

அன்றைக்குத்தான் மனுசி வாய் திறந்தாள். "உங்களுக்கு ஒரு தங்கச்சி இருந்ததெண்டு உங்கட அம்மா எனக்குச் சொன்னவ."

இருந்தவள்தான். வயிறு ஊதி, முகம் வெளிறி, வாசல் படலை வரைக்கும் நடக்கவே மூச்சு வாங்கும். கோயிலுக்கு என் தோளில்தான் வருவாள். ஐந்து வயதில் போய்விட்டாள். "உன்ர வம்சத்துச் சாபம்" என்று என்னைப் பெற்ற அப்பு அம்மாவுக்குச் சொன்னார். சாகும் வரைக்கும் சொன்னார். மரம் கீறியபோது அவளை நான் மறந்து விடவில்லை. கலியாண வீட்டில் என்ன வருத்தத்தில் செத்தாள் என்று கேட்பார்கள் என்றுதான் விட்டேன்.

டாக்டரிடம் சொன்னேன். அதே வருத்தமாக இருந்தால் தாய், தகப்பன் இருவரிடமும் குறை இருந்திருக்கும் என்றார். அப்புவிடமும்தான். அதைக் கேட்க அம்மா உயிரோடு இல்லை.

வயிற்றுப் பிள்ளையைச் சோதித்த முடிவு செவ்வாய்க்கிழமை வந்தது. வருத்தம் இருக்கிறது. பெறுவதென்று மகள் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுப் படத்தை இறக்கி, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, என் கையில் பேனையைத் தந்தாள்.

"அவவையும் போடுங்கோ. பேர் என்ன?"

வீட்டில் அவளைப் 'பிள்ளை' என்றுதான் கூப்பிட்டோம். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கு வேறு பேர் தேவைப்படவில்லை. நான் மனுசியைப் பார்த்தேன்.

"அம்மா அவளின்ர பேரும் சொன்னவவோ?"

"பிள்ளை எண்டுதான் சொன்னவ."